வாசல் கோலத்தில் ஒளிந்திருக்கும் கணக்கு!

மார்கழி பிறந்துவிட்டால் தெருவெல்லாம் கோலம்தான். பொங்கல் வரை ஓயாது.

விடியற்காலையில் எழுந்து, வாசல் தெளித்து, ஒரு புள்ளிகூடப் பிசகாமல் கோலம் போட்டு முடிக்கிறாள் பத்து வயதுச் சிறுமி. அதே சிறுமி, பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரைக் கண்டதும் நடுங்குகிறாள். "எனக்குக் கணக்கு வராது" என்கிறாள்!

வராதா? வாசலில் அவள் போட்டது கணக்கு அல்லாமல் வேறு என்ன?

இந்தப் பயம் லேசானது அல்ல. சிறு வயதில் பிடித்தால் எளிதில் விடாது. கணக்குக்குப் பயந்து படிப்பையே நிறுத்திவிடுகிற பிள்ளைகளும் உண்டு.

பொங்கல் லீவு நெருங்கும்போது பிள்ளைகளின் மனம் பாடத்தில் நிற்காது. அந்த நாட்களில் கோலத்தையே பாடமாக்கிவிடலாம். சாக்பீஸ் ஒன்று போதும். செலவு இல்லை!

37 வந்தது எப்படி?

'7 புள்ளி, இடுக்குப் புள்ளி 4 வரை' என்று பெண்கள் சொல்வார்கள். நடு வரிசையில் 7 புள்ளி. அதற்கு மேலும் கீழும் 6, 5, 4.

மொத்தம் எத்தனை? ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். 4, 5, 6 கூட்டினால் 15. இரு பக்கமும் சேர்த்து 30. நடுவே 7. ஆக 37.

5 புள்ளி, இடுக்கு 3 வரை என்றால் 19. 3 புள்ளி, இடுக்கு 2 என்றால் 7. ஒரே ஒரு புள்ளி என்றால் 1.

இனிமேல்தான் வேடிக்கை! இவற்றை வரிசையாகக் கூட்டிப் பாருங்கள்.

1-உடன் 7 சேர்ந்தால் 8. அதனுடன் 19 சேர்ந்தால் 27. அதனுடன் 37 சேர்ந்தால் 64.

8 என்பது 2x2x2. 27 என்பது 3x3x3. 64 என்பது 4x4x4! மனப்பாடம் செய்து மறந்துபோகும் 'கன எண்கள்' கோலப் புள்ளியில் வந்து நிற்கின்றன.

ஒரே கோடா, இரண்டு கோடா?

சிக்குக் கோலத்தில் இன்னொரு விந்தை. நேர்ப் புள்ளியாக 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வையுங்கள். புள்ளிகளுக்கு இடையே சாய்வாகக் கோடு இழுத்து, ஓரத்தில் மட்டும் வளைத்துத் திருப்புங்கள். கையை எடுக்காமல் ஒரே கோட்டில் கோலம் முடிந்துவிடும்.

4 வரிசை, வரிசைக்கு 6 புள்ளி என்றால் முடியாது. இரண்டு கோடுகள் வேண்டும். 3-க்கு 6 என்றால் மூன்று கோடுகள்.

காரணம் என்ன? 4-ஐயும் 6-ஐயும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் 2. மீப்பெரு பொதுக் காரணி என்று புத்தகம் சொல்வது இதைத்தான்! போர்டில் பத்துக் கணக்குப் போடுவதைவிட, தரையில் இரண்டு கோலம் போட்டால் பிள்ளைக்கு இது விளங்கும்.

பையன்கள் கோலம் போடுவதா என்று சிலர் சிரிக்கலாம். அதில் என்ன வெட்கம்? தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோருடன் சேர்ந்து கோலத்தை ஆராய்ந்தார். கம்ப்யூட்டர் படம் வரைவதற்கான விதிகளைக் கோலத்தைக் கொண்டு விளக்கி, 1974-ல் கட்டுரை வெளியிட்டார்கள்.

பானையிலும் கணக்கு

சர்க்கரைப் பொங்கலுக்கு ஓர் ஆழாக்கு அரிசி என்றால் கால் ஆழாக்குப் பாசிப்பருப்பு, 2 ஆழாக்கு வெல்லம் போடலாம். வகுப்பு முழுவதற்கும் ஒரு படி அரிசி பொங்கினால்? படிக்கு 8 ஆழாக்கு. ஆகவே பருப்பு 2 ஆழாக்கு, வெல்லம் 2 படி. பின்னக் கணக்கு முடிந்தது! ஆழாக்கு தெரியாத பிள்ளைகளுக்கு டம்ளர் போதும்.

"விளையாடிக்கொண்டிருந்தால் பாடம் எப்போது முடிவது?" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு இரண்டு பீரியடுக்கு மேல் வேண்டியதில்லை.

எந்த நாளில் தொடங்கலாம்? கணித மேதை ராமானுஜன் ஈரோட்டில் பிறந்தது 1887 டிசம்பர் 22. அதுவும் மார்கழிதான்! 2012 முதல் அந்த நாள் தேசிய கணித தினமாகக் கொண்டாடப்படுகிறது.

வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: 9 புள்ளி, இடுக்கு 5 வரை. மொத்தம் எத்தனை? விடை 61. மேலே வந்த 64-உடன் அதைக் கூட்டினால் என்ன வருகிறது என்று அவர்களையே கேளுங்கள்.