அரிசி மா ரொட்டியும் மேசைப் பொறியும்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களைச் சூழ நெல் விளைகின்றது. ஆயினும் அடுப்படியில் ரொட்டிக்குக் குழைக்கப்படுவது பெரும்பாலும் பிறநாட்டுக் கோதுமையின் மாவே.

மா அளத்தல், குழைத்தல், தட்டுதல், சுடுதல் ஆகிய நான்கையும் தானே செய்யும் மேசைப் பொறியொன்றைச் சிங்கப்பூரில் பிரணோதி நாகர்கர் என்னும் இயந்திரப் பொறியியலாளர் உருவாக்கினார். 2008இல் தொடங்கிய முயற்சி 2016இலேயே விற்பனைக்கு வந்தது. அது முதன்மையாகக் கோதுமைக்கு அமைந்த பொறியாகும்.

வீட்டில் இத்தகைய பொறி அமைக்க விரும்பும் கமக்காரர் அரிசி மாவின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். கோதுமையிலுள்ள குளுட்டன் என்னும் புரதம் நீருடன் சேர்ந்து வலைபோல் இழுபடும். அரிசியில் அஃது இல்லை. ஆகவே தட்டுகளிடையே அழுத்துங்கால் ஓரம் வெடிக்கும். இதற்கு மாற்று இவ்வூர்ப் பெண்கள் நெடுங்காலமாக அறிந்ததே: வறுத்த மாவிற் கொதிநீர் வார்த்துக் குழைத்தல். அப்பொழுது மாப்பொருளின் ஒரு பகுதி வெந்து பசையாகிப் பிடித்துக்கொள்ளும். எனவே பொறியில் நீர் கொதிக்கும் கலமொன்று இன்றியமையாதது. தேங்காய்ப்பூ சேர்ப்பதாயின் தட்டுகளின் இடைவெளியைச் சிறிது கூட்டுக. துருவல் பெரிதானால் ரொட்டி பிளக்கும்.

முழுப் பொறியையும் ஒருமிக்கச் செய்ய முனைதல் வீண்செலவு. மாவைக் கையாற் குழைத்துக்கொண்டு, கீல் பூட்டிய இரு சூட்டுத் தட்டுகளையும் வெப்பக் கட்டுப்படுத்தியையும் முதலில் அமைக்கலாம். அழுத்தியவுடன் மேற்தட்டைச் சற்று உயர்த்தி நீராவிக்கு வழிவிடுக. 230 வோல்ற்று மின்சாரத்தில் இயங்கும் இதன் உலோக உடலுக்குப் புவிக்கம்பி இணைக்கப்படாவிடின் ஈரக்கை பட்டாலும் உயிராபத்து நேரலாம். அவ்வேலையைத் தேர்ந்த மின்னியலாளரிடமே ஒப்படைக்க.