மலேரியாவும் மக்கள் மதியும்

விஞ்ஞானச் செய்தி ஒன்று வெளிவரும் அன்றே அதுபற்றிய அபிப்பிராயமும் மக்களிடையே பிறந்துவிடுகின்றது. செய்தியை ஆராய்ந்து தெளிதற்குக் காலம் வேண்டும். அபிப்பிராயம் கொள்ளுதற்கோ கணப்பொழுது போதும். இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. இலங்கையின் மலேரியா வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

மலேரியாக் காய்ச்சலை விளைப்பது நுண்ணியதோர் ஒட்டுண்ணி. அது தன் வாழ்வின் ஒரு பகுதியை மனிதன் உடலிலும் மற்றொரு பகுதியை அனோபிலிசு என்னும் இன நுளம்பின் உடலிலும் கழிக்கின்றது. நுளம்பின் உடலில் இவ்வொட்டுண்ணியை றொனால்ட் றொஸ் 1897ஆம் ஆண்டு கண்டறிந்தார். அதற்கு முன்னர், சேற்று நிலத்தினின்று எழும் தீய காற்றே நோய்க்குக் காரணம் எனப் பலரும் நம்பினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளும் அதுவே. பிழையான அபிப்பிராயம் பெயராகவே நிலைத்துவிட்டது.

இலங்கையில் இந்நோயைப் பெரிதும் பரப்பிய நுளம்பு, ஆறுகள் வற்றும்பொழுது மணற்படுகையில் எஞ்சும் தெளிந்த நீர்க்குட்டைகளிற் பெருகுவது. 1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆறுகள் குட்டைகளாயின. நோய்க்குப் பழக்கப்படாத ஈரவலய மக்களிடையே காய்ச்சல் பரவியது. 1934-35ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

1946ஆம் ஆண்டு முதல் வீட்டுச் சுவர்களில் டி. டி. ரி. மருந்து தெளிக்கப்பட்டது. குருதி குடித்தபின் சுவரில் அமரும் நுளம்பு அம்மருந்தால் இறந்தது. 1963ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கே நோய் காணப்பட்டது. 'மலேரியா ஒழிந்தது' என்னும் அபிப்பிராயம் எங்கும் வேரூன்றியது. 1964ஆம் ஆண்டளவில் மருந்து தெளித்தல் கைவிடப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. ஆனால் ஒட்டுண்ணி முற்றாக மறையவில்லை, நுளம்பும் அழியவில்லை. மழை குன்றிய காலத்தில் ஆற்றுக் குட்டைகள் மீண்டும் தோன்றவே, 1968-69ஆம் ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர்.

இவ்வழிவைக் குறித்தும் ஓர் அபிப்பிராயம் உலகெங்கும் உலவுகின்றது. றேச்சல் கார்சன் 1962இல் எழுதிய நூலால் டி. டி. ரி. தடைசெய்யப்பட்டது, அத்தடையாலேயே இலங்கையில் மலேரியா மீண்டது என்பர். ஆண்டுகளை வரிசைப்படுத்தி நோக்கின் இக்கூற்று நில்லாது. அமெரிக்காவில் அம்மருந்து தடைசெய்யப்பட்டது 1972ஆம் ஆண்டில்; இலங்கையில் நோய் மீண்டதோ அதற்கு முன்னர். இங்கு மருந்து தெளித்தல் நின்றமைக்குக் காரணம் வெற்றி கண்ட மனநிறைவே. நோய் மீண்டபின் டி. டி. ரி. மறுபடியும் தெளிக்கப்பட்டது. நாளடைவில் நுளம்புகள் அதனை எதிர்க்கும் வலிமை பெற்றமையால், 1970களில் மலத்தியன் என்னும் வேறு மருந்தை நாட வேண்டியதாயிற்று.

அதன்பின் நாற்பதாண்டுக்கால முயற்சி வேண்டியிருந்தது. 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தின் பின் உள்நாட்டிற் பரவிய மலேரியா காணப்படாமையால், 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிசு ஸ்டீபென்சி என்னும் புதிய நுளம்பு கண்டறியப்பட்டது. இது கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் முட்டையிடுவது. நகரங்களிலும் நோய் பரப்ப வல்லது. சான்றிதழ் செய்தி பலர் வாயிலும் வழங்கிற்று. நுளம்புச் செய்தியைக் கேட்டோர் சிலரே.

நோயின்மை வேறு, நோய்க்குரிய காரணம் இன்மை வேறு. வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் குருதியில் ஒட்டுண்ணி இருப்பின், அவரைக் கடிக்க நுளம்பு இங்கே காத்திருக்கின்றது. ஆகவே, காய்ச்சலுடன் திரும்பும் பயணி குருதிப் பரிசோதனை செய்துகொள்வதும், வீட்டுக் கிணற்றையும் தொட்டியையும் மூடிவைப்பதும் வீண் அச்சமன்று.

ஒரு செய்தியைக் கேட்கும்போது, நிகழ்ந்தது யாது, எப்பொழுது நிகழ்ந்தது, எதனால் நிகழ்ந்தது என மூன்று வினாக்களை எழுப்புதல் கற்றோர் கடன். '17' என்னும் எண்ணைக் கேட்டு மகிழ்ந்த காலத்தில், அப்பதினேழும் ஏன் பூச்சியமாகவில்லை என்று வினவியிருப்பின், பின்னர் இலட்சக்கணக்கானோர் பாயிற் படுத்திருக்க நேர்ந்திராது.