இடுப்பெலும்பு சிகிச்சைக்குப் பின் நேரும் சித்தக் குழப்பம்

தஞ்சை ஜில்லாவில் கொல்லைப்புறத்திலோ குளியலறையிலோ வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, சஸ்திர சிகிச்சையும் நல்லபடியாக நிறைவேறிய பிறகு, இரண்டாம் மூன்றாம் நாளில் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்டு, சுவரில் ஏதோ ஊர்வதாக அரற்றி, ஊசிக் குழாயைப் பிடுங்கியெறியும் முதியவர்களைக் கண்டு, ‘பாட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது’ என்று தீர்மானித்துக் குணசீலம் கோயிலுக்கு நேர்ந்துகொள்ளும் குடும்பங்களையும், கைகளைக் கட்டிலோடு பிணைத்துவிட்டு அப்பால் போகும் வார்டு சிப்பந்திகளையும் இன்னும் எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருப்பது? பிரார்த்தனை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதற்கு முன் டாக்டரிடம் சொல்லுங்கள் என்கிறேன்.

டெலிரியம் என்னும் இக்குழப்பம் பைத்தியமன்று. திடீரென்று தோன்றி, பகலில் தணிந்து இரவில் மிகுந்து, காரணத்தைக் களைந்தால் பெரும்பாலும் தெளிவது. சத்தமின்றிச் சுருண்டு மயங்கிக் கிடப்பவருக்கும் இதுவே இருக்கலாம். ‘அசதியில் தூங்குகிறார்’ என்று விடப்படுவதால் அவர் நிலைமையே அதிக அபாயகரம்.

ஏற்கெனவே ஞாபகமறதி உள்ளவர்கள், கண்ணும் செவியும் மங்கியவர்கள், பல மாத்திரைகளை ஒருங்கே உட்கொள்பவர்கள், நாள்தோறும் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் திடீரென நிறுத்தியவர்கள் ஆகியோருக்கு இது எளிதில் நேரும். தாத்தாவின் குடியைக் கௌரவத்துக்காக மறைக்காதீர்கள். உடம்பில் நீர் வற்றுதல், ரத்தத்தில் சோடியம் குறைதல், தணிக்கப்படாத வலி, சிறுநீர்க் கட்டு, மலச்சிக்கல், கிருமித் தொற்று ஆகியவற்றைத் தேடிப் பார்க்கும்படி டாக்டரைக் கேளுங்கள். நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அது குழப்பத்தை முற்றச் செய்யும். முழு மயக்கம் கொடுத்ததால்தான் வந்தது என்று பழி சொல்வோர் உண்டு. 2021, 2022 ஆண்டுகளில் வெளிவந்த பெரிய ஆய்வுகளில் முழு மயக்கத்துக்கும் முதுகுத்தண்டு ஊசிக்கும் இவ்விஷயத்தில் வேறுபாடு காணப்படவில்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக டாக்டர் ஷாரன் இனோயி 1999-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலோ, மூக்குக் கண்ணாடியும் காது மிஷினும் அணிவித்து, தண்ணீர் புகட்டி, நடக்கவைத்து, இரவில் உறங்கவிட்டதாலேயே, மருத்துவ வார்டு முதியவர்களில் நூற்றுக்குப் பதினைந்தாக இருந்த இந்நோய் பத்தாகக் குறைந்தது. கண்ணாடியைப் பத்திரமாக வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டு வருகிறார்களே, என்ன சொல்வது!

சிகிச்சை தாமதமாவதும் அபாயமே. நாட்டுக் கட்டுப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காக, முறிந்த எலும்போடு முதியவரைக் கிடத்திவிட்டு அலைகிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்தார், வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் இன்றே பதிந்துகொள்ளட்டும். விவரத்துக்கு 1800 425 3993. மறுபடியும் சொல்கிறேன்: விழுந்த பிறகல்ல, இன்றே.

நிலமுள்ள குடும்பங்களில் நடக்கும் அக்கிரமம் ஒன்று உண்டு. பிரக்ஞை தடுமாறும் முதியவரின் பெருவிரலை மையில் தோய்த்துப் பத்திரத்தில் ஒற்றிவிடுவது. ஜன்னி (டெலிரியம்) நிலையிலிருப்பவர் அது நீடிக்கும்வரை ஒப்பந்தம் செய்ய இயலாதென்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு உதாரணத்தோடு கூறுகிறது. ஆகையால் குழப்பம் தொடங்கிய நாளையும் நேரத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ எழுதிக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் நகல் தரவேண்டுமென்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. விண்ணப்பம் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்காமல் திரும்பாதீர்கள். வழக்காட நேர்ந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவச வக்கீல் உதவி உண்டு. தொலைபேசி 15100.