குழல் மாற்றம் (கைத்துப்பாக்கி)

குழல் மாற்றம் என்பது கைத்துப்பாக்கியின் குழலைக் கழற்றிவிட்டு, வேறு அளவுத் தோட்டாவுக்குரிய குழலைப் பொருத்துவதாகும். குண்டின் விட்டத்தைவிடத் தோட்டா உறையின் அடிப்பகுதி அளவே இதில் முக்கியம். அமெரிக்காவில் 1990இல் அறிமுகமான .40 எஸ்&டபிள்யூ தோட்டாவின் குண்டு சுமார் 10 மிமீ விட்டமுடையது; 1994இல் வெளிவந்த .357 சிக் தோட்டாவின் குண்டு 9 மிமீ. எனினும் இரண்டின் உறை அடியும் ஏறத்தாழ 10.8 மிமீ. ஆகவே சிக் சாவர் பி229 போன்றவற்றில் குழலை மட்டும் மாற்றினால் போதும், மேகசின்கூட அதுவேதான். இந்த வசதியே ஆபத்துமாகும். .40 குழலில் .357 சிக் தோட்டாவைச் சுட்டால் உறை பிளந்து சூடான வாயு வெளியேறக்கூடும். துப்பாக்கியின் மேற்புறத்தில் பழைய அளவே பொறிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், குழலில் உள்ள குறியைப் பார்த்தே தோட்டாவைத் தேர்வு செய்ய வேண்டும். உறை அடி சிறியதான 9 மிமீ பாரபெல்லம் தோட்டாவுக்கு மேகசினையும் மாற்ற வேண்டியிருக்கும்.