கம்பிவழிக் கடிதம் – 9: பூட்டு இருக்கிறது, அந்தப் பக்கம் யார்?

போன கிழமை 110ஆம் போர்ட்டில் நிறுத்தினோம். அந்தப் போர்ட்டில் மின்னஞ்சலை இறக்கித் தரும் போப்3 நெறிமுறை கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் என்பதைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

மின்னஞ்சலை இறக்கித் தரும் நிரல் நூலகத்துக்குள் மறைகுறியாக்கம் எப்படி வந்தது என்று பார்க்க, பைதனோடு வரும் போப்லிப் கோப்பைத் திறந்தேன். தலைப்புக் குறிப்புகளைத் தாண்டவே மனம் வரவில்லை. முதலில் எழுதியவர் டேவிட் ஆஷர். செய்திக்குழுக்களுக்கான என்என்ரிபிலிப்பிலிருந்து தாராளமாகக் களவெடுத்ததாகத் தன் பெயருக்குக் கீழேயே எழுதிவைத்திருக்கிறார். 1997 ஜூலையில் திருத்தியவர் பியர்ஸ் லோடர். இவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் கமர்ஃபெல்ட் என்பவரோடு சேர்ந்து, ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களிடையே மின்னஞ்சல் கொண்டுபோன ஏசிஎஸ்நெற்றின் மென்பொருளை எழுதியவர். அதே ஆண்டு டிசம்பரில், மின்னஞ்சலின் இன்னொரு நெறிமுறையான இமாப்புக்கு இமாப்லிப்பையும் எழுதினார். அதற்கு 2002 மார்ச்சில் எஸ்எஸ்எல் மறைகுறியாக்கத்தைச் சேர்த்தவர் ரினோ லாங்கே. அதை ஒட்டி, 2003 ஓகஸ்ட்டில் ஹெக்டர் உர்டுபியா போப்லிப்புக்கும் சேர்த்தார். இமாப்பைப் பின்பற்றியதை அவரும் குறித்துவைத்தார். யாரிடம் யார் எடுத்தார் என்ற வம்சாவளி முழுவதும் நிரலுக்குள்ளேயே கிடக்கிறது. இந்த நேர்மைக்காகவே இவர்களைக் கும்பிடலாம்.

2004 நவம்பரில் பைதன் 2.4 அதை எல்லோருக்கும் தந்தது. போர்ட் 995; முதலில் மறைகுறியாக்கம், பிறகுதான் பெயரும் கடவுச்சொல்லும். ஆனால் எடுத்த நிரலோடு ஒரு குறையும் கூடவே வந்தது. அன்றைய பைதனின் எஸ்எஸ்எல், எதிர்முனை யார் என்று காட்டும் சான்றிதழைச் சரிபார்க்கவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நாலு மாணவர்கள் பகிரும் வைஃபையில் ஒருவர் மின்னஞ்சல் சேர்வராக நடித்தால், நூலகம் கடவுச்சொல்லைப் பத்திரமாகப் பூட்டி அவர் கையிலேயே கொடுத்துவிடும்.

அந்தப் பக்கம் யார் என்ற கேள்வி எங்களுக்குப் புதிதல்ல. பேராசிரியர் அபய இந்துருவ மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் லேர்ன்மெயில் என்ற மின்னஞ்சல் சேவையைத் தொடங்கியது 1990இல். அதே ஆண்டு ஜூனில் போர் மறுபடி மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரமும் நின்றது; மின்னஞ்சலை நினைத்தும் பார்க்கமுடியாது. கொழும்புக்குப் போகிறவர் யார், கடிதத்தை நம்பிக் கொடுக்கலாமா என்று விசாரித்துத்தான் அந்த நாட்களில் இங்கே கடிதம் கொடுத்தனுப்பினோம். அந்த விசாரணையைத்தான் நிரலும் செய்யவேண்டும்.

அதற்கான கருவி 2014இல் வந்தது: எஸ்எஸ்எல் மொடியூலின் கிரியேட் டிஃபோல்ட் கொன்டெக்ஸ்ட். அது சான்றிதழையும் பார்க்கும், சேர்வரின் பெயரையும் ஒப்பிடும். ஆனால் நாமாகக் கொடுத்தால்தான். பைதன் 3.12இலும் கொன்டெக்ஸ்ட் கொடுக்காமல் அழைத்தால் போப்லிப் எதையும் சரிபார்ப்பதில்லை.

110இலேயே தொடங்கி நடுவழியில் மறைகுறியாக்கத்துக்கு மாறும் எஸ்ரிஎல்எஸ் கட்டளையையும், அந்த வழியில் 2021இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் கண்ட ஓட்டைகளையும் இந்தக் கிழமையே சொல்வதாக இருந்தேன். இடம் முடிந்துவிட்டது, அடுத்த கிழமை.

அதற்குள், மின்னஞ்சல் எடுக்கும் நிரலை எழுதி ஓடவிட்டிருக்கிறவர்கள் அதைத் திறந்து பாருங்கள். அந்தக் கொன்டெக்ஸ்ட் இல்லையென்றால் இன்றே சேருங்கள். ஒரு வரி வேலைதான்.