தரையில் உட்காராத வினாத்தாள்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை வெற்றி பெற்றதா என்று யார் சொல்ல வேண்டும்? எக்ஸ்ரேயைப் பார்க்கும் மருத்துவரா, அந்த மூட்டோடு மாடிப்படி ஏறி இறங்கும் நோயாளியா?

நெடுங்காலம் மருத்துவர்தான் சொல்லிவந்தார். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1962 இல் ஜான் சார்ன்லி, உலோகத் தலையும் பாலிஎத்திலீன் குழியும் கொண்ட செயற்கை மூட்டைப் பொருத்தத் தொடங்கினார். 1969 இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹாரிஸ், இடுப்பின் நிலையை நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பிட ஓர் அட்டவணை வகுத்தார். அதிலும் மதிப்பெண் போடுவது மருத்துவர்தான். இதில் ஒரு சிக்கல் உண்டு. படத்தில் மூட்டு கச்சிதமாக இருக்கும். ஆள் நொண்டிக்கொண்டு வருவார். அறுவை செய்தவரே எதிரில் உட்கார்ந்து கேட்கும்போது, "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

1996 இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜில் டாசனும் அவருடைய சக ஆய்வாளர்களும் பேனாவை நோயாளி கைக்கு மாற்றினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு இடுப்பு மதிப்பெண் எனப்படும் அந்தப் படிவத்தில் பன்னிரண்டே கேள்விகள். கடந்த நான்கு வாரங்களில் வலி எப்படி, குளித்துத் துவட்ட முடிகிறதா, காலுறை மாட்ட முடிகிறதா, கடைக்குத் தனியாகப் போய்வர முடிகிறதா, இரவில் படுக்கையில் வலி தொந்தரவு செய்கிறதா என்பவை போன்றவை. இப்போதைய முறையில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 48. மதிப்பெண் கூடினால் இடுப்பு நலம். 2009 ஏப்ரல் முதல் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, இடுப்பு மாற்றுக்கு வருவோரிடம் அறுவைக்கு முன்னும் பின்னும் இந்தப் படிவத்தை நிரப்பி வாங்குகிறது. எந்த மருத்துவமனையில் நோயாளிகள் எவ்வளவு தேறுகிறார்கள் என்று ஒப்பிட இந்த எண்கள் பயன்படுகின்றன.

அப்படிப்பட்ட ஒரு படிவம் ரியாத்துக்கோ அம்மானுக்கோ போகும்போது என்ன ஆகிறது? அரபி தெரிந்த ஒருவர் ஒரு மாலையில் பெயர்த்துக் கொடுத்துவிட முடியாதா? முடியும். ஆனால் அந்தத் தாளில் வரும் 30 மதிப்பெண்ணும் ஆக்ஸ்ஃபோர்டில் வரும் 30 மதிப்பெண்ணும் ஒரே நிலையைக் குறிக்கின்றனவா என்பது யாருக்கும் தெரியாது. கடைத் தராசுக்கு முத்திரை வைப்பதுபோல, வினாத்தாளையும் சோதித்துத்தான் புழக்கத்துக்கு விட வேண்டும்.

இதற்கான வழிமுறையை டார்கஸ் பீட்டனும் சக ஆய்வாளர்களும் 2000 ஆம் ஆண்டு 'ஸ்பைன்' ஆய்விதழில் வகுத்துக் கொடுத்தார்கள். அரபியைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே பெயர்ப்பார்கள். ஒருவருக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டும்; மற்றவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது. இரண்டு பிரதிகளையும் கலந்து ஒன்றாக்கியபின், மூலத்தைப் பார்த்தே இராத வேறு இருவர் அதை ஆங்கிலத்துக்குத் திருப்புவார்கள். எங்கே பொருள் நழுவியது என்பது அப்போது வெளிப்படும். மருத்துவர்களும் மொழி அறிந்தவர்களும் கொண்ட குழு அதைச் சரிசெய்யும். பிறகு முப்பது நாற்பது பேரிடம் கொடுத்து, "இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று நினைத்தீர்கள்?" என்று விசாரிப்பார்கள்.

அரபியில் இந்தக் கடைசிப் படிதான் கடினம். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது ஆட்சிமொழி. ஆனால் எழுதும் அரபியை வீட்டில் பேசுவோர் எங்கும் இல்லை. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையிலான தூரம் தெரிந்த நமக்கு இது எளிதில் புரியும். எழுத்து அரபியில் படிவம் இருந்தால் மொராக்கோவிலிருந்து ஓமன் வரை ஒரே தாள் போதும். ஆனால் அதிகம் படிக்காத எழுபது வயதுக்காரர் அதை என்ன செய்வார்? செவிலியர் வட்டார வழக்கில் வாசித்துக் காட்டுகிறார். அந்த நொடியில் ஒவ்வொரு செவிலியரும் ஒரு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறார். இத்தனை படிகள் தாண்டி வந்த வாசகம் அவர் வாயில் மாறிவிடுகிறது. அதோடு, தனியாக நிரப்ப வேண்டிய தாள் மீண்டும் மருத்துவமனை ஆளின் எதிரிலேயே நிரப்பப்படுகிறது.

மொழி முடிந்தால் எண்கள். படிவத்தின் கேள்விகள் ஒன்றோடொன்று இசைந்து போகின்றனவா என்பதை 'க்ரான்பாக் ஆல்ஃபா' என்ற கணக்கு சொல்லும். 0.70 க்குக் குறைந்தால் கேள்விகள் சிதறிக் கிடக்கின்றன, 0.95 ஐத் தாண்டினால் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறோம் என்று பொருள். அடுத்து, ஒரே ஆளிடம் ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுப்பார்கள். அதற்கு முன்பே கொடுத்தால் பழைய பதிலை நினைவில் வைத்து எழுதுவார். மிகவும் தள்ளிப்போட்டால் இடுப்பே மாறியிருக்கும். மூன்றாவதாக, ஏற்கெனவே சோதிக்கப்பட்ட பொது நலப் படிவம் ஒன்றோடு ஒப்பிடுவார்கள். உடல் இயக்கம் பற்றிய பகுதியோடு நெருங்கியும் மனநலப் பகுதியோடு விலகியும் இருந்தால், புதிய படிவம் இடுப்பைத்தான் அளக்கிறது என்று நம்பலாம். கடைசியாக, அறுவைக்குப் பின் நோயாளி தேறும்போது எண்ணும் கூடவே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இத்தனையிலும் நல்ல எண் வந்தால் வேலை முடிந்ததா? பல ஆய்வுக் கட்டுரைகள் அங்கேதான் முடிகின்றன. ஆனால் மேற்சொன்ன கணக்குகள் எல்லாம் தாளில் இருக்கும் கேள்விகளைத்தான் சோதிக்கின்றன. தாளில் இல்லாத கேள்வியை எந்த ஆல்ஃபாவும் காட்டிக்கொடுக்காது.

ஒரு முஸ்லிம் நாளொன்றுக்கு ஐந்து வேளைக் கடமைத் தொழுகையில் பதினேழு ரக்அத்கள், அதாவது தொழுகைச் சுற்றுகள், தொழுகிறார். ரக்அத்துக்கு இரண்டு என்று முப்பத்து நான்கு ஸஜ்தாக்கள். ஒவ்வொன்றிலும் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைக்கும்போது இடுப்பு செங்கோணத்துக்கு மேல் மடங்குகிறது. செயற்கை மூட்டை ஆழமாக மடக்கும்போது கால் உள்நோக்கித் திரும்பிவிட்டால் மூட்டு நழுவும் அபாயம் உண்டு. அதனால்தான் அறுவையான முதல் சில வாரங்களுக்கு 90 பாகைக்கு மேல் மடக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்கிறார்கள். முடியாதவர் நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு. இருந்தாலும், மீண்டும் தரையில் தொழ முடியுமா என்ற கேள்வி நோயாளியின் மனத்தில் இருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. 48 க்கு 48 வாங்கியவர் தரையில் உட்கார முடியாதவராகவும் இருக்கலாம்.

2003 இல் ஸ்வீடனில் உருவான 'ஹூஸ்' என்ற நாற்பது கேள்விப் படிவம் குத்தவைத்து உட்காருவதைக் கேட்கிறது. ஆனால் எந்தத் தலைப்பின் கீழ்? 'விளையாட்டும் பொழுதுபோக்கும்' என்ற தலைப்பில், ஓடுவதற்குப் பக்கத்தில். தரைமட்டக் கழிப்பறை உள்ள வீட்டில் அது காலையில் செய்யும் முதல் வேலை. ஆக்ஸ்ஃபோர்டு படிவத்தில் கடைக்குப் போவது பற்றிய கேள்வியிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. வீட்டுச் சாமான்களை மகன்களே வாங்கிவரும் குடும்பத்தில் ஒரு மூதாட்டி "முடியாது" என்று குறித்தால், குடும்ப வழக்கம் இடுப்பின் குறையாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

நோயும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஐரோப்பாவில் இடுப்பு மாற்றுக்கு வருவோர் பெரும்பாலும் தேய்மானம் கண்ட முதியவர்கள். சவூதியின் கிழக்கு மாகாணத்திலும் பஹ்ரைனிலும் ஓமனிலும் அரிவாள் அணு இரத்தசோகை பரவலாக இருப்பதால், தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் போகாமல் அது மடிந்துபோய், இளவயதிலேயே அறுவைக்கு வருவோர் உண்டு. அவர்களுக்கு எலும்பு வலி உடம்பில் எங்கும் வரும். இரவில் வலி தொந்தரவு செய்ததா என்று கேட்டால், எந்த வலி என்று அவர்களே பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதியவர்களிடம் தேறிய படிவத்தை இவர்களிடம் மறுபடி சோதிக்காமல் நம்ப முடியாது.

அப்படியானால் கேள்விகளை மாற்றிவிடலாமே? துனிசியாவின் ஸஃபாக்ஸ் நகர ஆய்வாளர்கள், கனடாவில் பிறந்த 'வோமாக்' என்ற மூட்டுத் தேய்மானப் படிவத்தைத் தங்கள் மக்களுக்கு ஏற்பத் திருத்தி, 2004 இல் 'ஸஃபாக்ஸ் வோமாக்' என்று ஊர்ப்பெயரோடே வெளியிட்டார்கள். நேர்மையான வழி அது. ஆனால் விலை இருக்கிறது: கேள்வி மாறினால் அந்த எண்ணைக் கனடாவின் எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. மாற்றாவிட்டால் ஒப்பிடலாம், ஆனால் உள்ளூர் ஆள் எதை மீட்சி என்று கருதுகிறாரோ அது கணக்கில் வராது.

இரண்டையும் காக்க ஒரு வழி உண்டு. மூலத்தின் பன்னிரண்டு கேள்விகளையும் தொடாமல் வைத்து, தொழுகை, தரையில் அமர்தல், குத்தவைத்தல் ஆகியவற்றைத் தனி இணைப்பாகச் சேர்த்துத் தனி மதிப்பெண் தரலாம். முதல் எண் உலகத்தோடு ஒப்பிட. இரண்டாவது அந்த நோயாளிக்குப் பதில் சொல்ல. இணைப்பில் என்ன கேட்பது என்பதை ஆய்வாளர் தன் மேசையில் தீர்மானிக்கக் கூடாது. நோயாளிகளிடம் முதலில் கேட்க வேண்டும். வினாத்தாள் அளவீடுகளுக்கு உலகளவில் தரம் வகுக்கும் 'காஸ்மின்' குழுவும் எல்லாத் தகுதிகளிலும் முதலாவதாக இதையே வைக்கிறது: கேட்க வேண்டியதைக் கேட்கிறதா?

ஆகவே 'அரபியில் சோதிக்கப்பட்டது' என்ற முத்திரையைப் பார்த்தால் கூடவே இன்னும் இரண்டு கேட்க வேண்டும்: யாரிடம் சோதித்தார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள். ஆல்ஃபா 0.90 என்ற எண்ணில் இந்த இரண்டுக்கும் பதில் இல்லை.