எண்ணம் நூலாகும் வழி

நூலொன்று எழுதவேண்டும் என எண்ணாத கற்றவர் சிலரே. எண்ணியவருள் எழுதி முடித்தோர் அவரினுஞ் சிலர். நன்னூலார் நூலாக்கத்தைப் பஞ்சிலிருந்து இழை நூற்றலுக்கு ஒப்பிட்டனர். பஞ்சு குவிந்திருந்த அளவில் இழை உண்டாகிவிடாது. எண்ணம் எவ்வாறு நூலாகின்றது என்பதனை விபுலானந்த அடிகளின் யாழ்நூலை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

முதற்கண் வேண்டுவது தெளிவான வினா. தமிழிசை என்பது கடல்போற் பரந்த பொருள். வழக்கொழிந்த பண்டை யாழ்கள் எவ்வுருவின, அவற்றின் நரம்புகள் எவ்வாறு இசை கூட்டப்பெற்றன என்பது வினா. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் அடிகளாரை இவ்வினாவின்பாற் செலுத்தின. வினா குறுகியபின்னரே தேடத்தக்கதும் விடத்தக்கதும் புலனாகும்.

அடுத்தது தொகுத்தல். அறிவியற் பட்டதாரியாகிய அடிகளார் இலக்கியச் சான்றுகளைத் திரட்டியதோடு அமையாது, இசையின் அளவைக் கணிதத்தாலும் ஆராய்ந்தார். தொகுப்போர் ஒவ்வொரு குறிப்பையும் தனித்தாளில், எடுத்த இடத்துடன் எழுதிவைத்தல் நன்று. பின்னர் அவற்றை வேண்டியவாறு மாற்றி அடுக்கலாம்.

மூன்றாவது பகுத்தல். ஈண்டே பலர் இடர்ப்படுவர். யாழ்நூல் ஏழு இயல்களை உடையது. பாயிரத்தின்பின் யாழின் உறுப்பு, இசைநரம்பு, பாலைத்திரிபு, பண், தேவாரம் என முறையே சென்று ஒழிபியலில் முடிகின்றது. நரம்பை அறியாதானுக்குப் பண்ணை விளக்கல் இயலாது. முன்னியல் பின்னியலுக்குப் படியாக அமைதலே வைப்புமுறையின் உயிர்.

நான்காவது எழுதுதல். இவ்வாராய்ச்சி ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் நடந்தது. அவ்வாண்டுகளில் அடிகளார் துறவுப் பணியும் பத்திரிகாசிரியப் பணியும் ஆற்றினார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியப் பொறுப்பையும் ஏற்றார். ஓய்வு கிடைத்தபின் எழுதுவோம் என்பார்க்கு இதுவே விடையாகும். நாடோறும் ஒரு பக்கம் எழுதுவோன் ஓராண்டில் ஒரு நூலின் முதற்படியைக் காண்பான். முதலதிகாரத்தையே மெருகிட்டுக்கொண்டிருப்போன் இரண்டாவதை எட்டான்.

ஈற்றில் வருவது திருத்தல். குன்றக்கூறல், மிகைபடக்கூறல், கூறியதுகூறல், மாறுகொளக்கூறல் முதலாக நன்னூல் உரைக்கும் பத்துக் குற்றங்களும் இன்றும் பிழைதேடுவார்க்குச் சிறந்த உரைகல். எழுதியதைத் தாமே உரக்கப் படித்தலும், முகத்துக்கு அஞ்சாது குறைகூறும் அறிஞர் ஒருவர்க்குப் படித்துக்காட்டலும் வேண்டும். நம் முன்னோர் அரங்கேற்றம் வைத்ததன் பயன்களுள் இதுவும் ஒன்று.

யாழ்நூல் 1947 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆந் தேதி அடிகளார் இறைவனடி சேர்ந்தார். நூல் முற்றுப்பெறாதிருந்தால், அத்தனை ஆண்டின் உழைப்பும் பிறர் பொருள்காண இயலாத குறிப்புத் தாள்களாய் எஞ்சியிருக்கும்.

நம் பழைய மாணவருள் ஊர் வரலாறு அறிந்தோர், ஏட்டுச்சுவடி காத்தோர், தம் தொழிலில் நுண்மை கண்டோர் பலர் உளர். அவர்தம் அறிவு அவரோடு மறைதல் நமக்குப் பேரிழப்பாகும். ஆதலின், அன்பர்காள், உங்கள் வினாவை இன்றே ஒரு வரியில் எழுதுக. நாளை முதற் குறிப்பை எழுதுக.